வீட்டுக்கு ஒரு ஆள்

அன்புள்ள பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. டெல்லிக் குளிரில் உனக்கு இருமல் வராமல் இருக்க வேண்டும், வேலை வேலை என்று ஓடாமல் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று மலையப்பனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத மனம் வரவில்லை, ஆகையால் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறதே, அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதா என்று பயப்படாதே. வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் என்றால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். போன வாரம் நீ பேசும்போது, நம் ஊரில் வெள்ளோட்டம் பார்த்த யானைக் கோபுரத் திட்டத்தை இன்னும் பல மண்டலங்களுக்குக் கொண்டுபோகலாமா என்று குறிப்பு எழுதுகிற வேலை உன் மேஜைக்கே வந்திருக்கிறது என்றாய். கம்பெனிக்காரர்கள் கொடுத்த அறிக்கையில், கருவி சரியாகவே வேலை செய்தது, உயிர் போனதற்குப் பொதுமக்களின் அலட்சியமே காரணம் என்று ஒரு வரி இருப்பதாகவும், அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள மேலே இருப்பவர்கள் சொல்வதாகவும் சொன்னாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். உன் பெயர் அதன் கீழே போகும் முன் இங்கே நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும். நீ ஜப்பானில் பயிற்சியில் தனியாக இருந்தாயே என்று பாதியை மறைத்துவிட்டோம். உன் நைனாவின் தோள் எலும்பு முறிந்தது வழுக்கி விழுந்து அல்ல.

ஏரிக்கரையில் அந்தக் கோபுரம் நின்றபோது ஊரே சந்தோஷப்பட்டது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு அதைத் தூற்றுகிறேன் என்று நினைக்காதே. மேலே கேமரா, சோலார் தகடு. யானை காட்டை விட்டு இறங்கினால் அதுவாகவே கண்டுபிடித்து, எந்த வயல், எந்தப் பக்கம் என்று படத்தோடு எல்லோருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் சேதி அனுப்பும். புதுக் கண்டுபிடிப்புகளைக் கிராமத்தில் சோதித்துப் பார்க்க அரசாங்கம் சின்னக் கம்பெனிகளுக்குப் பணம் கொடுக்கிற திட்டம் என்று ஊர்ச் சச்சிவாலய ஆபீசில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வந்த எஞ்சினியர் ஹேமநாத்துக்கு நம் மாடி அறையை விட்டோம். கங்காதர நெல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை, விவசாயக் குடும்பம், அடக்கமானவன். அவனோடு ஒட்டிக்கொண்டது யார் என்றால் உன் அத்தை மகன் ஜெயபிரகாஷ்தான். பேக்டரியில் ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் மாடியிலேயே கிடப்பான். இன்னா சார், உங்க மிஷினு முழிச்சிகினே இருக்குமா, இல்ல எங்க சர்பஞ்ச் மாதிரி மத்தியானத்துல தூங்கிடுமா என்று அவனைச் சீண்டுவான். ஆனால் ஊரில் ஒவ்வொரு வீட்டுப் போனிலும் அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தது ஜெயபிரகாஷ்தான். தெலுங்கில் வந்த சேதியைத் தமிழிலும் வர வைத்ததும் அவன்தான்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஏரி உடைந்தாலும் சரி, யானை இறங்கினாலும் சரி, வீட்டுக்கு ஒரு ஆள் எல்லைக்குப் போக வேண்டும். தப்பட்டை, தீப்பந்தம், வெடி எடுத்துக்கொண்டு போய் யானையை விரட்டி அடுத்த ஊர் எல்லைக்குத் தாட்டிவிட வேண்டும். போகாத வீட்டை ஊரில் யாரும் வாய்விட்டுத் திட்டமாட்டார்கள், ஆனால் மறுவருஷம் அந்த வீட்டுக் கழனிக்கு ஏரித் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். இத்தனை காலம் இந்த வழக்கத்தில் ஒருவரும் சாகவில்லையே, ஏன் என்று நான் பிறகுதான் யோசித்தேன். முன்பெல்லாம் சேதி தாமதமாக வந்தது. யாராவது பார்த்து, ஓடி வந்து, கூப்பிட்டு, ஆள் சேர்ந்து போவதற்குள் யானை கரும்பைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். நம் ஆட்கள் சாணியைப் பார்த்துவிட்டு நாலு வெடி போட்டுத் திரும்புவார்கள். அந்தத் தாமதம்தான் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கோபுரம் அந்தத் தாமதத்தை எடுத்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாப் போனும் ஒன்றாகக் கத்தியது. நாகையா கரும்புத் தோட்டம், கிழக்கு வரப்பு என்று படத்தோடு வந்தது. நம் ஊருக்கு வந்த அதே நொடியில் பக்கத்துக் கொத்தூருக்கும் ராமாபுரத்துக்கும் வந்தது. மூன்று ஊரிலும் வீட்டுக்கு ஒரு ஆள் கிளம்பினான். மூன்று ஊர்க்காரர்களும் யானை தங்கள் எல்லைக்கு வந்துவிடக்கூடாது என்று மூன்று பக்கத்திலிருந்தும் வெடி போட்டார்கள். நான்காவது பக்கம் ஏரி, நிறைந்து கிடந்தது. அது ஒற்றை ஆண் யானை. போக வழியில்லாமல் தோட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து பிளிறியதை நான் நம் மொட்டை மாடியில் நின்று கேட்டேன். அப்புறம் கரும்பு சடசடவென்று முறிந்து அது நம் ஊர்ப் பக்கம் பாய்ந்தது. எல்லோரும் ஓடினார்கள். ஜெயபிரகாஷும் ஓடினான், ஆனால் பம்புசெட் குழாய் தடுக்கி விழுந்தான். அது அவனைத் துதிக்கையால் இடுப்பில் சுற்றித் தூக்கி வரப்பில் அடித்தது. ஒரு தரம் அல்ல. பிறகு மார்பில் காலை வைத்தது. பிரியா, நான் அவனைக் குழந்தையிலிருந்து பார்த்தவள், பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் உட்கார்ந்தவன், ஆனாலும் அவன் சட்டையைப் பார்த்துத்தான் அவன் என்று சொல்ல முடிந்தது. அவனை ஒரு கோணியில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பச்சையம்மாள் அத்தை அந்தக் கோணியை விடாமல் பிடித்துக்கொண்டு, மூடியிருக்கிற துணியை எடுக்கச் சொல்லி ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள்.

வருத்தம் கோபமாக மாற நேரமாகவில்லை. முதலில் ஏரிக்கரைக்குப் போய்க் கோபுரத்தைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளினார்கள், கேமராவைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். அப்படியும் அடங்காமல் நம் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவன் நம் தனசேகர், செத்தவனுடைய தம்பி. அவன் சட்டை முழுக்க அண்ணன் ரத்தம். நான் வாசலில் நின்றேன். "அத்தே, வழிய உடு. எங்கண்ணனக் கூப்ட்டுக் கொன்னவன் உன் வூட்டு சோறத் துன்னுகினு மேல கீறான்," என்றான். உன் நைனா மாடிப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, தாய்மாமனை மிதித்துவிட்டு மேலே போ என்றார். தனசேகர் மண்வெட்டிக் காம்பை ஓங்கி அவர் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு வாசலில் கேட்டது. தன்னை மடியில் வைத்துக் காது குத்திய மாமனை அடித்துவிட்டோம் என்று அவனும் ஒரு நொடி நின்றான். ஆனால் பின்னால் இருந்தவர்கள் நிற்கவில்லை. ஹேமநாத்தை முடியைப் பிடித்து இழுத்து, படிக்குப் படி தலை மோத, கீழே கொண்டுவந்தார்கள். தெருவில் போட்டு மிதித்தார்கள். நான் போய் அவன்மேல் விழுந்தேன், என்னை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். மிதித்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். டீச்சர், தள்ளிக்கோங்க டீச்சர், உங்க மேல பட்டுடும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மிதித்தார்கள். போலீஸ் வரும்போது அவனுடைய இடது கண் போய்விட்டிருந்தது.

இப்போது ஹேமநாத் திருப்பதி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், தனசேகர் சித்தூர் ஜெயிலில் இருக்கிறான். நான் ஒருநாள் அங்கே, ஒருநாள் இங்கே என்று பஸ்ஸில் போய் வருகிறேன். ஹேமநாத்தின் அப்பா கிருஷ்ணப்பா கட்டிலடியில் உட்கார்ந்திருக்கிறார், நான் கொண்டுபோகிற சாப்பாட்டை வாங்கிக்கொள்கிறார். ஹேமநாத் ஆரம்பத்தில், வருகிறவர்களிடமெல்லாம், அலர்ட் கரெக்டாதானே போச்சு என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். போன தடவை நான் போனபோது கேட்கவில்லை. "மேடம், அது தப்பாப் போயிருந்தா ஜெயபிரகாஷ் வூட்டுக்குத் திரும்பி வந்திருப்பான் இல்ல?" என்றான். இந்த வாக்கியத்தை உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சித்தூரில் நடந்த ஆய்வுக் கூட்டத்துக்கு ஊர் சார்பில் நானும் போயிருந்தேன். கம்பெனியில் பெரியவர் ஒருவர் திரையில் வரைபடம் காட்டினார். சேதி சரியாகப் போன இடமெல்லாம் பச்சைப் புள்ளி, தவறிய இடம் சிவப்புப் புள்ளி. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மார்க் என்று பெருமையாகச் சொன்னார். நாகையா தோட்டம் எங்கே என்று தேடினேன். ஜெயபிரகாஷ் செத்த இடம் பச்சையாக இருந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை பிரியா, அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். யானையைக் கண்டுபிடித்தாயா, சேதி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுத்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். சேதி கிடைத்தவன் என்ன செய்தான் என்று உங்கள் கேள்வித்தாளில் இல்லை. அலட்சியமாக இருந்தவன் வீட்டில் தூங்கியிருப்பான். செத்தவன் கடமை என்று கிளம்பிப் போனவன்.

உனக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்று நீயே கேலி செய்வாய். எங்கள் பள்ளிக்கூட மதிய உணவுக் கொட்டகையில் ஒருநாள் தீப்பிடித்தது. நான் ஆபத்து மணி அடிக்கச் சொன்னேன். மணி அடித்தால் மைதானத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியிருந்தோம். கொட்டகை மைதானத்தை ஒட்டித்தான் இருந்தது. பிள்ளைகள் கொஞ்சமும் தப்புச் செய்யாமல் ஓடிவந்து தீக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். அன்று காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. மணியில் கோளாறு இல்லை, பிள்ளைகளிடமும் கோளாறு இல்லை. மணி அடித்தால் இவர்கள் எங்கே போவார்கள் என்று மணி வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

கோபுரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யானை நிற்கிற இடம் ஃபாரஸ்ட்காரர்களுக்கு மட்டும் போகட்டும், ஊராருக்கு வீட்டைவிட்டு வெளியே வராதே என்று மட்டும் போகட்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து, எல்லை தாட்டுகிற வழக்கத்தை முதலில் பேசி நிறுத்தட்டும். கரும்பு போனால் நஷ்ட ஈடு அந்தப் போகத்துக்குள்ளேயே வரும் என்று இருந்தால் எவன் வெடி எடுத்துக்கொண்டு யானைக்கு எதிரில் போவான்? இதெல்லாம் கண்டுபிடிப்பு இல்லையே, இதற்குத் தனி இலாகா இருக்கிறதே என்று உன் ஆபீசில் சொல்வார்கள். சொல்லட்டும். இது உன் சொந்த ஊர் என்பதையும் செத்தவன் உன் அத்தை மகன் என்பதையும் மேலதிகாரியிடம் முதலில் சொல்லிவிடு, மறைத்து எழுதாதே. அப்புறம் அவர்கள் உன்னை விலகச் சொன்னால் விலகு, ஆனால் இந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு விலகு.

இனி கைக்கட்டைப் பற்றி. போலீஸ் காவலோடு கோபுரத்தை மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் மறுபடியும் எல்லாப் போனும் கத்தியது. யாரும் போகமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன், இத்தனை பட்ட பிறகு யார் போவார்கள்? தப்பட்டைச் சத்தம் கேட்டது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். உன் நைனா கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்தார், நான் அவரை அதட்டி உட்காரவைத்தேன். அப்போதுதான் எதிர்வீட்டில் பச்சையம்மாள் அத்தை விளக்கைப் போட்டாள். ஜெயபிரகாஷின் டார்ச்சை ஒரு கையிலும் கொடுவாளை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் ஓடிப்போய் அவளை உள்ளே தள்ளி, நானும் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வூட்டுக்கு ஒரு ஆளு கூப்டறாங்க, தாட்சாயணி. எங்க வூட்ல நான்தான் மீதி கீறேன்," என்றாள். நான் தாழ்ப்பாளை விடவில்லை. கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு என் கையைக் கடித்தாள், கட்டைவிரல் அடியில், எலும்பில் பல் படும்வரை கடித்தாள். நான் அப்போதும் விடவில்லை. வாயெல்லாம் என் ரத்தத்தோடு அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்து தன் முந்தானையைக் கிழித்து என் கையில் சுற்றினாள். இப்போது நம் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். அவள் வீட்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகியிருக்கிறேன். நேற்று யாரும் சாகவில்லை. யானை முன்னதாகவே காட்டுக்குத் திரும்பிவிட்டதாம். அந்த இடத்துக்கும் பச்சைப் புள்ளிதான் வைப்பார்கள்.

நீ நீண்ட ஆயுளோடும் கலங்காத புத்தியோடும் இருக்க வேண்டும் என்று உன் நைனாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அத்தையும் தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னாள், நீ அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை. கம்பளிக் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. அந்த வரைபடம் உன் மேஜைக்கு வரும்போது ஏரிக்குக் கிழக்கே இருக்கிற பச்சைப் புள்ளிமேல் ஒரு தரம் விரலை வை, வைத்துவிட்டு எழுது.

உன் அம்மா,
எ. தாட்சாயணி