சந்தனத்துக்குள் எரிந்த விளக்கு

12.6.2009, வெள்ளி இரவு

தூக்கம் வரவில்லை. நினைக்க நினைக்கச் சிரிப்புதான் வருகிறது.

ஸ்பேர் பேட்டரியில் சார்ஜ் இறங்கினால் சிவப்பு விளக்கு எரியும்படி நான் செய்த பெட்டியை, மச்சான் ஓட்டும் வேனில் மாட்டியிருந்தேன். இன்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரை வேன் முதலாளியும் கூட வந்தார். பிடித்தால் எல்லா வண்டிக்கும் வாங்குவதாகப் பேச்சு.

சிதம்பரத்தில் டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி கிளம்பவில்லை. ஸ்பேர் பேட்டரிக்கு மாற்றினோம். அதிலும் வண்டியைக் கிளப்பும் அளவுக்குச் சார்ஜ் இல்லை. பெட்டி ஒன்றுமே காட்டவில்லை.

"இதுக்குத்தானா இவ்ளோ பேச்சு பேசுனீங்க?" என்றார் முதலாளி.

எனக்கு முகமே செத்துவிட்டது. குனிந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்று மச்சான் காலையில் பெட்டிக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறான். சரியாக விளக்கின் மேல். துடைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"புதுப் பொட்டியாச்சே மாமா, பொட்டு வெக்காம வண்டிய எப்படி எடுக்கறது?" என்றான்.

முதலாளி சிரித்துவிட்டார். "சரி, எல்லா வண்டிக்கும் போடுங்க. அடுத்தது, நாம வாயால கேட்டா பதில் சொல்ற மாதிரி ஒண்ணு செய்யுங்க."

பேச்சைப் புரிந்துகொள்ளும் பெட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விளக்குக்குப் பக்கத்தில் பொட்டு வைக்க ஓர் இடம் விடவேண்டும்.