ரமணி டீச்சர் போன பிறகு

ஜெராம்,
12.8.1984

அன்பு மகள் அம்சவள்ளிக்கு அப்பா எழுதுவது. முருகன் துணையால் இங்கே நானும் அம்மாவும் தம்பி பாலனும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் அங்கே கெடாவில் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்து வருகிறாய் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறோம். உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தால் ரமணி டீச்சர் விஷயத்தை எழுத வேண்டியிருந்தது, அதற்குக் கை வரவில்லை. மற்றவர் வாயால் நீ அரைகுறையாகக் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது கோயிலில் வெகு நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தாயே. அம்பாங் பெச்சாவில் பிறந்த பெண், புருஷன் சேதுவுக்கு ரவாங்கில் வேலை, சனி ஞாயிறில்தான் வருவார். டீச்சர் மட்டும் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தோட்டத்து வீட்டில் தனியாக இருந்து ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். ஒரு பிள்ளை வரவில்லையென்றால் சாயந்திரம் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கே நடந்து வந்து ஏன் என்று கேட்பார், மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். போன வருஷம் நம் பிள்ளைகள் பரீட்சையில் நன்றாக வந்தபோது லயமே பெருமையடித்துக்கொண்டது, ஆனால் டீச்சரிடம் போய் ஒரு நல்ல வார்த்தை சொன்னவர்கள் குறைவு. அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, நாம் என்ன தனியாகச் சொல்வது என்று இருந்துவிட்டார்கள்.

பொங்கல் கழிந்ததும், ஆட்களிடம் வேலை வாங்கும் மண்டோர் ஐயாவு பள்ளிக்கூடப் பிள்ளைகளை செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழம் பொறுக்கக் கூட்டிப்போக ஆரம்பித்தார். கிடைக்கும் கூலிக்காகப் பெற்றவர்களும் அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. டீச்சர் முதலில் பெற்றவர்களிடம் சொன்னார், பிறகு மண்டோரிடம் சொன்னார், யாரும் கேட்கவில்லை என்றதும் நேரே மேனேஜரிடம் போய்விட்டார். மேனேஜர் ஆட்கள் முன்னாலேயே மண்டோரைத் திட்டினார். அதிலிருந்து மண்டோருக்கு டீச்சரைக் கண்டால் ஆகாது. லயத்துத் தண்ணீர்ப் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. கொஞ்ச நாளில் டீச்சர் வீட்டுக் குழாய் நின்றுபோனது. கேட்டால், "பைப்பு உடைஞ்சு கிடக்கு, சாமான் வரணும்லா" என்றார். தலைமையாசிரியர் கார்த்திகேசு ஆபீசில் விசாரித்தார், அங்கே கணக்கெழுதும் கிராணியும் அதையே சொன்னார், அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அப்போது டீச்சர் மாசமாக இருந்தார்.

லயத்துக் கோடியில் இருக்கும் பொதுக் குழாயில் பிடித்து, சாக்கடை மேல் போட்ட பலகையைத் தாண்டி வாளியில் சுமந்துகொண்டு போவார். பார்க்கப் பொறுக்காமல் உன் அம்மாவும் பக்கத்து வீட்டு அன்னம்மாவும் சாயந்திரத்தில் தூக்கிக் கொடுத்தார்கள். அதையும் தடுக்க மண்டோர் வழி செய்தார். இரண்டு பேரையும் தோட்டத்தின் கடைசிக் காட்டுக்கு வேலைக்கு மாற்றினார், வீடு திரும்பவே இருட்டிவிடும். அன்னம்மா தண்ணீர் தூக்குவதை விட்டுவிட்டாள். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் ஜாடியெல்லாம் நிரப்பி வைப்பாள். மற்றவர்கள் கதவருகில் நின்று பார்த்தார்கள். ஒரு குழாய்க்காக மண்டோரைப் பகைத்துக்கொள்ள முடியுமா என்று என்னிடமே கேட்டார்கள்.

போன மாதம் மழை பெய்த ஒரு காலையில் அந்தப் பலகையில் வாளியோடு வழுக்கி விழுந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகள்தான் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார்கள். நான் லோரியில் பழம் ஏற்றிக்கொண்டிருந்தேன். கிராணியிடம் வண்டி கேட்டால் மேனேஜர் வரட்டும் என்றார். நான் நிற்கவில்லை, மழையால் இன்னும் காட்டுக்குக் கிளம்பாமல் இருந்த உன் அம்மாவை ஏறச் சொல்லி, டீச்சரை முன் சீட்டில் அவள் மடியில் சாய்த்துப் படுக்க வைத்துக்கொண்டு கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அந்தப் பெண் அழவில்லை. ஒரே ஒரு முறை உன் அம்மாவின் கையைப் பிடித்து, "அசைவே தெரியலையேக்கா" என்று சொன்னார். ஆண் குழந்தை. உயிர் இல்லை. சேது வந்து துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார், அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்காமல் லோரியை எடுத்ததற்காக என்னை ஓட்டுநர் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள், இப்போது வெட்டிப் போட்ட பனை மட்டையை அடுக்கும் வேலை. அதற்காக நீ கவலைப்படாதே, உடம்பு பழகிவிட்டது.

டீச்சர் ரவாங் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு வீட்டைக் காலி செய்தார். அந்த வாரமே குழாயைச் சரி செய்துவிட்டார்கள் மகளே. இப்போது நன்றாகத் தண்ணீர் வருகிறது.

புதிதாக யாரும் வரவில்லை. பரீட்சை நெருங்குகிறது, தலைமையாசிரியர் இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தவிக்கிறார். பெற்றோர் கூட்டம் போட்டார்கள், அப்போதுதான் எல்லாருக்கும் வாய் திறந்தது, அப்படியொரு டீச்சர் கிடைப்பாரா என்று. இதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். அப்பளசாமியின் வேனில் சிலர் அம்பாங் பெச்சாவுக்குப் போனோம், உடம்பு தேறும்வரை டீச்சர் தாய் வீட்டில் இருந்தார். உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தார். அன்னம்மா அழுதுகொண்டே, "வந்துடுங்க டீச்சர், இனிமே நாங்க பாத்துக்கிறோம்லா" என்றாள். டீச்சர் தேத்தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "பிள்ளைங்கள பழம் பொறுக்க அனுப்பாதீங்க. என்னையக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தேத்தண்ணீர் குடிக்க எங்களால் முடியவில்லை.

திரும்பி வந்த மறுநாள் நம் வீட்டுக்கு ஒரு கூட்டம் வந்தது, மண்டோர் பெண்சாதியும் இருந்தாள், அவள் மகனும் ஐந்தாம் வகுப்புதான். "உங்க மகள மாத்தல் வாங்கிட்டு வரச் சொல்லுங்கண்ணே, நம்ம தோட்டத்துப் பொண்ணு, அவள யாரு என்ன செய்வா?" என்றார்கள். நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உன் அம்மா எவ்வளவு ஏங்குகிறாள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் எனக்கு முன்னால் அவள்தான் பேசினாள். "எம் மக வந்தா தண்ணி நான் தூக்குவேன். அதுக்குப் பிறகு வர்ற பொண்ணுக்கு யாரு தூக்குவா?" என்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மண்டோரிடமிருந்து தண்ணீர்ப் பொறுப்பை எடுக்கச் சொல்லி ஆபீசுக்குப் போக, அன்னம்மாவும் அழகேசனும் மட்டும் என்னோடு வந்தார்கள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் மேனேஜர். இன்று காலையில்கூடப் பிள்ளைகள் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவதைப் பார்த்தேன்.

ஆகையால் மகளே, உன்னை வா என்று நான் எழுதவில்லை. வராதே என்றும் எழுத மனம் வரவில்லை, அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள். நீயே யோசித்து முடிவு செய். நேரத்துக்குச் சாப்பிடு, இருட்டில் தனியாக நடக்காதே, கஷ்டம் இருந்தால் மறைக்காதே. எல்லா நலமும் பெற்று நீ தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காமல் செய். அங்கே உனக்கு முன்னால் இருந்த டீச்சர் எதற்காகப் போனார் என்று யாரிடமாவது விசாரி. என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கராஜு