தக்காளி இன்னும் பூவில்தான் இருக்கிறது

அன்புள்ள தங்கைக்கு, அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம், என் ஒருத்தியைத் தவிர. உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்து மறுபடி வரப்பில் நடக்கிறார். மூன்று நாள் மழையில் கீரைப் பாத்தியில் தண்ணீர் நின்றுவிட்டது, வடித்துவிட்டோம். உன் குட்டி வாலுக்கு விழுந்த முன்பல் முளைத்ததா?

மாதம் பிறந்தால் எது விளைந்திருக்கிறது, எது இல்லை என்று உனக்கு எழுதுவேன். நீ அதைப் பார்த்து உன் காய்கறிக் கடை வாசல் கரும்பலகையில் ‘இன்று இல்லாதவை’ என்று எழுதுவாய். அந்தப் பலகையே உன் யோசனைதானே. மொத்தச் சந்தைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “விளையறப்ப விப்போம்க்கா, விளையாதப்ப இல்லன்னு சொல்லுவோம். காலையில பறிச்சது மத்தியானம் அவங்க அடுப்புல இருக்கட்டும், ருசி தெரிஞ்சவங்க காத்திருப்பாங்க” என்றாய். இல்லை என்று எழுதிப்போட்டு எவளாவது கடை நடத்துவாளா என்று சிரித்தேன். நடத்திக் காட்டினாய். முதல் தக்காளி வந்த அன்று வாசலில் வரிசை நின்றதாம். நீ எழுதியதைத் தோட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை மூக்குக் கண்ணாடி மாற்ற நகரத்துக்கு வந்தேன். சொல்லாமல் வந்து உன்னை அசத்தலாம் என்று நினைத்தேன். அசந்துபோனது நான்தான்.

நீ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாய். கல்லாவில் இருந்த புது ஆள் தலைநிமிராமலே அதைச் சொன்னான், என்னை அடையாளம் தெரியவில்லை. பலகையைக் காணோம். அந்த இடத்தில் என் போட்டோ, ‘எங்கள் அக்கா தோட்டத்துத் தக்காளி’ என்ற எழுத்தோடு. கீழே ஒரு குவியல், எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்றை முகர்ந்தேன், ஈர அட்டை வாசனை அடித்தது. பக்கத்திலேயே குளிர்கிடங்கு முத்திரை போட்ட பெட்டிகள். காயிலேயே பறித்து, நாலு நாள் லாரியில் வந்து, பெட்டிக்குள்ளேயே சிவந்த பழம். என் செடியில் இன்னும் பிஞ்சுகூட இல்லையடி.

வயதான ஓர் அம்மா போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்கதானே அது? போன வருஷப் பழம் மாதிரி இல்லையேம்மா, தோலு ரப்பர் மாதிரி இருக்கே” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இந்த வருஷம் மழை ஜாஸ்திங்க” என்றேன். உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. பாவம், அந்த அம்மா மழையைத் திட்டிக்கொண்டே அரைக்கிலோ வாங்கிப் போனார். உனக்காகக் காத்திருக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

எதிரில் பெரிய கடை திறந்திருப்பதைப் பார்த்தேன். உனக்கு என்ன நெருக்கடியோ. வேறு வழியில்லையென்றால் அந்தப் பழத்தை விற்றுக்கொள், நான் யார் தடுக்க? ஆனால் என் முகத்தை வைத்து விற்றாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே போட்டோவைக் கழற்றச் சொல்லியிருப்பேன். அந்நியன் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். உன்னோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதப் பட்டியல்: கீரை இருக்கிறது. முள்ளங்கி இருக்கிறது, நல்ல காரம். பீன்ஸ் அடுத்த வாரம். கத்தரி ஓய்ந்துவிட்டது. தக்காளி இல்லை, பூவில் இருக்கிறது, இன்னும் ஏழு வாரமாவது ஆகும்.

இதைப் பலகையில் எழுதி வாசலில் வை. முடியாதென்றால் என் போட்டோவைத் தபாலில் அனுப்பிவிடு, கீரைக்கு வேறு கடை பார்த்துக்கொள்கிறேன். அந்த அம்மா மறுபடி வந்தால், மழைமேல் தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிடு.

நீயும் பிள்ளையும் நன்றாக இருங்கள். முதல் பழம் பழுத்ததும் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன், அது விற்க அல்ல. குட்டி வால் அதற்குள் முளைத்திருக்கும் புதுப் பல்லால் கடிக்கட்டும். நீயும் ஒரு வாய் தின்றுவிட்டு எனக்கு எழுது.

உன்
அக்கா