தோணிக் காருக்கு ஒரு நம்பர்

1937 பெப்ரவரி 12, வெள்ளி

இன்று காருக்கு மூக்குப் பூட்டினேன். மூக்கு என்றால் ரேடியேற்றரை மூடும் தகரம். நேற்றுவரை அது எங்கள் குசினிக் கூரையில் இருந்தது. நல்லம்மா அடுப்படியில் நின்று மேலே பார்த்தாள். வானம் தெரிந்தது.

"இஞ்சேருங்கோ, மழை வந்தால் என்ன செய்யிறது?"

மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது என்றேன்.

"மழைக்குக் கிடக்கு. காகத்துக்கு?"

அடுப்பில் இருந்த சட்டியை நானே மூடி வைத்தேன்.

காரின் குலம் கோத்திரத்தையும் எழுதி வைக்கிறேன். என்ஜினும் சட்டமும் மூளாய் றோட்டில் குடைசாய்ந்து கிடந்த பழைய காருடையவை. கியர்ப்பெட்டி ஒரு லொறியுடையது. உடம்பைச் செய்தவன் குருநகர் அடைக்கலநாதன். அவன் வள்ளம் கட்டுகிற தச்சன். கார் கட்டு என்று சொன்னாலும் கை தன்பாட்டில் வள்ளத்துக்கே போய்விடுகிறது. பின்பக்கம் கூம்பிவிட்டது. பலகை இடுக்குகளுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருக்கிறான். கடலில் விட்டால் கட்டாயம் மிதக்கும். றோட்டில் ஓடுமா என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.

குணலட்சுமி பள்ளிக்கூடத்தால் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஐயா, பாய் எப்ப கட்டுறியள்?"

நான் பெற்ற பிள்ளை. வேறு யாரை நோவது?

பெப்ரவரி 16, செவ்வாய்

பரமலிங்கம் மச்சான் வந்தார். நல்லம்மாவின் தமையன், புகையிலை வியாபாரி. அவருடைய லொறியை ஒன்பது வருடம் ஓட்டினேன். ஒன்பது வருடமும் அவர் பக்கத்தில் இருந்து, தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். போன தீபாவளியோடு இறங்கிவிட்டேன். சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்க வேண்டும் — என் ஆசை இவ்வளவுதான்.

மச்சான் காரைத் தட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சித்திரை வருசம் பிறக்க நல்ல நாள் பாத்து லொறியிலை ஏறு மச்சான். உன்ரை இடத்தை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நான்தான் தட்டித் தடவி ஓட்டுறன்."

பழித்திருந்தால் நானும் திருப்பிப் பழித்திருப்பேன். மனிதர் அன்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவர் போனபின் நல்லம்மா சொன்னாள்: "வருசப்பிறப்பு வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகு அண்ணையின்ரை சொல்லைக் கேளுங்கோ."

சரி என்றேன்.

பெப்ரவரி 23, செவ்வாய்

பட்டணத்தில் கார் நம்பர் கொடுக்கிற அரசாங்கக் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். நம்பர் இல்லாத கார் றோட்டில் ஓடக்கூடாதாம். ஆகவே மாடு இழுத்துத்தான் கார் போனது. உரும்பிராய்ச் சந்தியில் ஒருவர் கேட்டார்: "தம்பிராசா, கடல் அங்காலையெல்லோ?"

பரிசோதிக்கிற அதிகாரி காரின் கீழே படுத்துப் பார்த்தார். எழும்பி நெடுநேரம் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டு நின்றார். இருமல் என்று நினைத்தேன். இருமல் இல்லை.

"நீர் கட்டினதோ இது?"

"ஓம் ஐயா. கொஞ்சம் நான், கொஞ்சம் குருநகர்."

மார்ச் இருபதாம் திகதி மோட்டார்க்காரர் சங்கம் ஒரு ஓட்டம் வைக்கிறதாம். பட்டணத்து முற்றவெளி மைதானத்தில் தொடங்கி, காங்கேசன்துறை போய், கரையோரமாகப் பருத்தித்துறை, பிறகு எங்கள் புத்தூர், உரும்பிராய் வழியாகத் திரும்பி முற்றவெளி. அந்த ஒரு நாளுக்கு அனுமதி தருகிறேன் என்றார். "முழுச் சுற்றும் சொந்த என்ஜினிலை வந்தால் நம்பர் தாறன். ஆரும் கட்டி இழுத்து வந்தால், வீட்டை கொண்டுபோய் விறகாக்கும்."

ஓட்டத்தின் சட்டம்: காரில் இரண்டு பேர் இருக்க வேண்டும். அந்த இருவரைத் தவிர வேறு கை காரில் படக்கூடாது. வழியில் பெற்றோலும் தண்ணீரும் எடுக்கலாம், வேறொன்றும் எவரிடமும் வாங்கக்கூடாது. இரண்டாவது ஆளாக அடைக்கலநாதன் வருகிறான்.

மார்ச் 6, சனி

ஓடியது! எங்கள் ஒழுங்கைத் தெரு முடியும்வரை ஓடியது. ஒழுங்கை முடிந்தபிறகும் ஓடியது. நாளைக்கு, ஒழுங்கை முனையில் இருக்கும் பூரணம் அக்காவின் வேலிக்குக் கிடுகு கட்டிக் கொடுக்க வேண்டும். பிரேக்கையும் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, ஞாயிறு

பூசை முடிந்து அடைக்கலநாதன் வந்தான். என்ஜினைக் கிளப்பக் காரின் முன்னால் செருகிச் சுழற்றும் இரும்பு ஹாண்டிலை நான் சுழற்றுகிறேன் என்றான். வேண்டாமடா, அது உதைக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் உதைத்துவிட்டது. மணிக்கட்டு முறிவு.

"தம்பிராசண்ணை, வள்ளம் ஒருநாளும் ஆளை அடிக்கிறேல்லை" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான்.

முறிவு வைத்தியரிடம் கொண்டுபோய்க் கட்டுவித்தேன். எல்லாம் என்னால். காலைக் குளிரில் நான்கு பேர் பிடித்து ஒழுங்கையில் தள்ளினால்தான் இந்த என்ஜின் பிடிக்கும்; சூடேறிய பிறகுதான் ஹாண்டிலுக்கு மசியும். தெரிந்தும் விட்டேனே.

இனி இரண்டாவது ஆள்? ஊரில் ஒருவரும் ஏறத் தயாரில்லை. முதுகுப்பிடிப்பு, மாமியார் வருகிறார், வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பு — ஆளுக்கொரு சாட்டு.

சோறு போடும்போது நல்லம்மா சொன்னாள்: "நான் வாறன்."

கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"என்ன பாக்கிறியள்? குசினித் தகரம் ஊரைச் சுத்தப் போகுது. தகரத்தின்ரை சொந்தக்காரி போகக்கூடாதோ?"

மார்ச் 18, வியாழன்

எங்கள் முறை சனிக்கிழமை ஒன்பதரை மணியாம். நல்லம்மா பஞ்சாங்கத்தை எடுத்தாள். "இராகுகாலம். நேரத்தை மாத்தச் சொல்லுங்கோ."

சங்கத்தாரின் மணிக்கூட்டில் இராகு இல்லை என்றேன்.

"அப்ப நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். எதைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்காமல் விட்டேன்.

மார்ச் 20, சனி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

காலையில் அயலவர்கள் வந்து ஒழுங்கையில் தள்ள, என்ஜின் பிடித்தது. நல்லம்மா நல்ல சேலை உடுத்தி, வாளியையும் கயிற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். ரேடியேற்றர் ஒழுகும், வழிக் கிணறுகளில் அள்ளி ஊற்ற வேண்டும். பூரணம் அக்காவின் படலையைக் கடக்கும்போது "நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள். முதல்தரம் ஏறுகிறாள், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். "பயப்பிடாதை, நானெல்லோ ஓட்டுறன்" என்று சொல்லி இன்னும் மிதித்தேன். அவள் தலையில் கை வைத்தாள். அதுவும் பயம் என்றே நினைத்தேன்.

முற்றவெளியில் முறை வரும்வரை என்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். எங்களைக் கூப்பிட்டார்கள். இருக்கைக்குக் கீழே கைவிட்டேன். எண்ணெய்த் துணி இருந்தது, ஜாக்கி இருந்தது. ஹாண்டில் இல்லை.

"நல்லம்மா, ஹாண்டில் எங்கை?"

"அது விடியவே வெளிக்கிட்டிட்டுது."

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஐயோ, நன்றாக விளங்கியது. கூடாத நேரத்தில் பயணம் போக வேண்டி வந்தால், அதற்கு முன்னரே ஒரு நல்ல நேரத்தில் பயணக்காரரின் பொருள் ஒன்றைப் போகும் வழியில் உள்ள வீட்டில் வைத்துவிடுவார்களே, பிரஸ்தானம் என்று — அதைத்தான் செய்திருக்கிறாள். பொருள் போன நேரமே பயணம் தொடங்கிய நேரம். போகிறபோது எடுத்துக்கொண்டு போனால் சரி. ஊரில் எல்லாரும் சால்வையைத்தான் வைப்பார்கள்.

"போறது நீங்களோ காரோ எண்டு யோசிச்சன். கார்தானே போகுது? காரிலை கழட்டக்கூடினது உது ஒண்டுதான். பூரணம் அக்கா வீட்டிலை நிப்பாட்டுங்கோ எண்டு கத்தினனே!"

"வழியிலை சொல்லியிருந்தால் திரும்பியிருப்பனே!"

"வெளிக்கிட்டாப் பிறகு திரும்புறதோ? நல்லாயிருக்கு!"

சாத்திரப்படி எங்கள் கார் நல்ல நேரத்தில் புறப்பட்டுப் பூரணம் அக்கா வீட்டில் நிற்கிறது. நாங்கள் இருவரும்தான் புறப்படவில்லை.

தள்ளினோம். உருட்டிவிட ஒரு மேடு உண்டா இந்தக் குடாநாட்டில்? சப்பட்டை. நான் கதவுப் பக்கம் நின்று தள்ள, அவள் சேலைக் கொய்யகத்தை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் தள்ளினாள். சனம் விசிலடித்தது. என்ஜின் பிடித்ததும் நான் பாய்ந்து ஏறினேன். அவள் ஏறவில்லை! நிறுத்தவும் பயம். முற்றவெளியை ஒரு வட்டம் சுற்றி வந்து, ஓடிக்கொண்டே அவளை ஏற்றினேன். "தோணி போகுது, பிடி, பிடி!" என்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு என்ஜினை நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். சோதனை இடங்களில் நிறுத்திக் கையெழுத்து வாங்க வேண்டும். நிறுத்தாவிட்டால் புள்ளி குறைப்பார்கள். குறைக்கட்டும்! பரிசுக்கா வந்தேன்?

காங்கேசன்துறை கடந்தோம். மயிலிட்டிப் பக்கம் காற்று கடல்மணலை றோட்டில் கொண்டுவந்து குவித்திருந்தது. காரின் நாலு சில்லும் புதைய, இருமிவிட்டு நின்றது என்ஜின். மணலில் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. மற்றக் கார்கள் ஒவ்வொன்றாகப் போய் முடிந்தன.

பிறகு லொறிச் சத்தம். மச்சான். பாவம், எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"கயிறு போடட்டே மச்சான்? பின்னேரத்துக்கிடையிலை வீட்டை போயிடலாம்."

வெயில். மணல். எனக்கு 'ஓம்' என்ற சொல் உதடுவரை வந்துவிட்டது. பொய் எழுதக்கூடாது, வந்துவிட்டது.

நல்லம்மா முந்திக்கொண்டாள். "அண்ணை, நீங்கள் அந்த மரத்துக்குக் கீழை நில்லுங்கோ. கிட்ட வரப்படாது. உங்கடை கை பட்டால் எல்லாம் போச்சு."

அவர் போய் நின்றார். அவள் மடியில் இருந்த கயிற்றைப் பார்த்தாள், பின் சில்லைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்தச் சில்லிலை கயித்தைச் சுத்தி இழுத்தால் உள்ளுக்கை கிடக்கிறது சுத்தாதோ?"

"என்ஜின் என்ன பம்பரமோ?" என்று கேட்டேன். கேட்ட வாயை மூடினேன். ஏன் சுற்றாது? கியரில் போட்டால் சில்லும் என்ஜினும் ஒன்றுதானே!

ஜாக்கிக்குக் கீழே பலகை போட்டுப் பின்சில்லு ஒன்றைத் தூக்கினேன். முன்சில்லுகளுக்குக் கல் வைத்தேன். கியரைப் போட்டு, வாளிக் கயிற்றைச் சில்லில் சுற்றினேன். பெற்றோல் கொடுக்க நான் இருக்கையில் இருக்க வேண்டும். ஆகவே கயிறு அவள் கையில். புத்தூர்க் கிணற்றில் அள்ளி வளர்ந்த கை. இழுத்தாள். கரகரத்தது. திரும்பச் சுற்றி இழுத்தாள். ஒன்றுமில்லை. மச்சான் அங்கே நின்று சால்வைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அவள் குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பையே பின்னுக்கு எறிந்து இழுத்தாள். பிடித்தது! கார் ஜாக்கியில் நின்று, திருவிழாக் குதிரை வாகனம் போல ஆடியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

என்ஜினைச் சாகவிடாமல் சில்லை இறக்கி, மணலுக்குத் தென்னோலை போட்டு வெளியே வந்தோம்.

பருத்தித்துறை தாண்டிப் புத்தூர் வர வெயில் சாய்ந்துவிட்டது. ஊரே றோட்டில் நின்றது. பூரணம் அக்கா ஹாண்டிலைத் தூக்கிக்கொண்டு காரோடு ஓடிவந்தார். "தம்பி, இந்தா! இந்தா, பிடி!"

வாங்கினால் சட்டப்படி பிழை. நல்லம்மா எழும்பி நின்று கத்தினாள்: "கிட்ட வராதையுங்கோ அக்கா! கொண்டு போங்கோ!"

அக்காவின் முகம் வாடிப்போனது. நாளைக்கே போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும்.

முற்றவெளியில் மேசை கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி குனிந்து காரின் முன் அச்சைத் தடவிப் பார்த்தார். "மயிலிட்டியிலை உமக்குப் பக்கத்திலை ஒரு லொறி நிண்டதாம். கட்டி இழுத்ததோ?"

இல்லை என்றேன். காலையிலிருந்து கத்தியதில், பொய் சொல்கிறவனின் குரல் போலவே வந்தது.

பின்னால் லொறி வந்து நின்றது. மச்சான் இறங்கினார். இவர் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும் — சித்திரைக்கு நான் அவர் லொறியில். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஐயா, அந்த லொறி என்ரை. கயிறு போடட்டோ எண்டு கேட்டதும் நான்தான். கூடாதெண்டு என்னைத் துரத்தினது உந்த நிக்கிற என்ரை தங்கச்சி. மரத்துக்குக் கீழை நிண்டு முழுக்கப் பாத்தனான். பிள்ளையார் அறிய, ஒரு கை படேல்லை."

அதிகாரி நல்லம்மாவின் கைகளைப் பார்த்தார். கயிறு உரித்த உள்ளங்கை. பிறகு பேனாவை எடுத்தார்.

ஓட்டத்தில் நாங்கள்தான் கடைசி.

மார்ச் 21, ஞாயிறு

நல்லம்மாவின் கையில் மருந்தெண்ணெய் பூசிக் கட்டியிருக்கிறது. நான் சமைத்தேன். குணலட்சுமி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐயா, இது சொதியோ, ரேடியேற்றர்த் தண்ணியோ?" என்று கேட்டாள். பூரணம் அக்கா இன்னும் கதைக்கவில்லை.

மார்ச் 30, செவ்வாய்

நம்பர் வந்தது. தகட்டில் நானே எழுதினேன். கடைசி இலக்கத்துக்கு இடம் போதவில்லை. கொஞ்சம் ஒடுங்கி நிற்கிறது.

மே 11, செவ்வாய்

பருத்தித்துறைக்குக் கலியாணக்காரர் சவாரி. வரும்போது புத்தூர்ச் சந்திக்கு இப்பால் புகையிலை லொறி எதிரே வந்தது. புது றைவர், இளம்பெடியன். பக்கத்தில் மச்சான், காலால் மிதித்துக்கொண்டிருந்தார். றோட்டு ஒடுக்கம். அவன் ஒரு சில்லை மண்ணில் இறக்கினான், நானும் இறக்கினேன். மச்சான் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

பின்னால் இருந்த பெரியவர், "ஆர் தம்பி அது?" என்று கேட்டார்.

"என்ரை மச்சான். லொறியும் அவரின்ரைதான்" என்றேன்.

அதை நான் ஒன்பது வருடம் ஓட்டினேன் என்று சொல்ல, வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.