எல்லைக்கல் அருகே ஒரு ஜோடி செருப்பு

அன்புத் தம்பிக்கு,

அறந்தாங்கியில் உனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு.

நேரில் என்றால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நம் கோயில்காட்டை அழித்துக் குவாரிக்குப் பாதை போட நீ ஜேசிபி ஓட்டி வந்த அன்று, காட்டு எல்லைக்கல்லுக்கு உள்ளே மறித்து உட்கார்ந்த பெண்களில் நானும் இருந்தேன். "அக்கா மேலயே ஏத்திட்டுப் போடா!" என்று ஊரே கேட்கக் கத்தினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நீ எல்லைக்கல் வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி, செருப்பைக் கழற்றினாய். காட்டுக்குள் போகுமுன் நாம் எல்லாரும் கழற்றுவோமே, அந்தப் பழக்கத்தில்தான் கழற்றியிருப்பாய். திரும்ப ஏற வெறுங்காலை வண்டிப் படியில் வைத்தவன், அப்படியே நின்றுவிட்டாய். பிறகு சூப்பர்வைசரிடம் சாவியை நீட்டி, "என்னால முடியலண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்து போனாய்.

அவர்கள் வேறு டிரைவரைத் தேடிப் பிடிப்பதற்குள் ஊரார் கேட்டிருந்த கோர்ட்டின் தடை உத்தரவு வந்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரம் நீ கொடுத்தது. காட்டில் வீரை மரமெல்லாம் இப்போது பழுத்து நிற்கிறது, தம்பி.

உன் செருப்பு அந்தக் கல்லருகேதான் கிடக்கிறது. கோயிலைப் பெருக்குகிறவர்கள்கூட அதை நகர்த்துவதில்லை. நானும் எடுத்து வைக்கவில்லை. நீயே வந்து போட்டுக்கொள்.

உன் அக்கா