பேர் தேய்ந்த கல்

செவ்வாய், கோவா.

பழைய மாதா கோயிலப் பாத்தோம். பீடத்துல தங்கத் தூணெல்லாம் முறுக்கின வடம் மாதிரி நிக்குது. பஸ்ல வந்த எங்க பங்கு ஜனம் வாயப் பொளந்துச்சு. எனக்கு ஒண்ணும் தோணல.

தரை முழுக்கக் கல்லறைக் கல்லுங்க. மண்டையோடு, பூவு, பேரு எல்லாம் செதுக்கியிருக்கு. அதுமேலயே செருப்புக் காலோட நடக்குறாங்க. நான் தாண்டித் தாண்டிப் போனேன்.

ஒரு கல்லுல பேரு சுத்தமா தேஞ்சிருந்துச்சு. மாதாவுக்குன்னு குப்பத்துலேர்ந்து கொண்டாந்த மெழுகுவத்திய அங்கயே ஏத்திட்டு உக்காந்தேன்.

"இன்னாண்ணி, யாரு கல்லறை இது?"ன்னா நாத்தனார்.

"தெரியல. உங்கண்ணனத்தான் கடல் திருப்பித் தரலியே. நான் எங்க போய் ஏத்துறது?"

அவ செருப்பக் கழட்டிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. கல்லு ஜில்லுனு இருந்துச்சு. அவ அழுதா. எனக்கு இன்னைக்கும் வரல.