ஜோஷிகாவ இங்க வுட்டுட்டுப் போவாத

எண்ணூர் குப்பம்
ஞாயித்துக்கிழம

கண்ணு ஜெகதீசா,

அம்மா எழுதறேன். நீயும் பவானியும் கொழந்தையும் ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லாம கீறீங்கன்னு நெனச்சிகினு தான் பேனாவ எடுத்தேன். நாங்களும் இங்க கீறோம், உங்க நைனா வலை பின்னப் போறாரு வராரு, எனக்கு மூக்கத் தவிர மத்ததெல்லாம் அது அது எடத்துல கீது. போன்ல பேசாம இன்னாத்துக்கு இந்தம்மா லெட்டர் எழுதுதுன்னு சிரிக்காத. போன்ல பேசினா உங்க நைனா பக்கத்துல ஒக்காந்துகினு குறுக்க குறுக்கப் பேசறாரு, நீயோ கொரோனான்னு வாயத் தொறந்தாலே டியூட்டிக்கு நேரமாச்சின்னு கட் பண்ணிடற. லெட்டர கட் பண்ண முடியாதுல்ல. உன் தோஸ்து அஃப்ரித் லீவு முடிஞ்சி சார்ஜா திரும்பறான், அவன் கையில கருவாட்டோட சேத்து இத்தயும் குடுத்து வுடறேன். நெத்திலியும் வஞ்சிரமும் கீது. கெட்டுப் போச்சா இல்லியான்னு எதிர் வூட்டு ரமாபாய் தான் மோந்து பாத்துச் சொன்னா. பயப்படாம துன்னுங்க.

அடுத்த மாசம் லீவுல வரப்போ ஜோஷிகாவ எங்ககிட்ட வுட்டுட்டு நீங்க ரெண்டு பேரு மட்டும் திரும்பிப் போறதா சொன்ன. பவானிக்கு கேன்டீன்ல வேல கெடச்சிருக்கு, அங்க புள்ளயப் பாத்துக்க ஆள் இல்ல, இங்க பால்வாடி கீது, ஆயா தாத்தா கீறாங்க, எல்லாம் ஞாயந்தான். நான் முடியாதுன்னு சொன்னேன், மருமக மேல எனக்குக் கோவம்னு நீ எடுத்துகின. உன் பக்கத்துல பவானி பெருமூச்சு வுட்டது போன்ல எனக்குக் கேட்டுச்சி. அப்புறம் நீ சொன்ன, கொரோனா போய் எத்தினி வருஷமாச்சி, ஊரே மறந்துடுச்சி, நீ இன்னும் அத்தயே சொல்லிகினு கீற, எனக்குந்தான் வந்துச்சி, நாலு நாள் ஜொரம், கஞ்சி குடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன்னு. போயிட்ட கண்ணு, சந்தோசம். உனக்கு வந்தது உன்ன வுட்டுட்டுப் போச்சி. அதே வருஷம் உன் சித்தப்பாவ மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கினு போனாங்க, மூஞ்சி கூட பாக்க வுடல, பிளாஸ்டிக்ல சுத்தியிருந்தது அவருதானான்னு எனக்கு இன்னிக்கும் சந்தேகம். உங்க நைனாவக் கேட்டா தம்பி சக்கரையில செத்தான், பயத்துல செத்தான்றாரு. கொரோனான்ற பேரு மட்டும் அந்த மனுசன் வாயில வராது. வந்தா, ஆஸ்பத்திரி வேணாம், கஷாயம் போதும்னு ஒக்கார வெச்சது யாருன்னு கேள்வி வரும்ல.

எனக்கு அப்ப வந்ததுல ஜொரம் போச்சி, இருமல் போச்சி, போன வாசன மட்டும் திரும்பல. மூக்கு தானே, கையா காலான்னு உங்க நைனா சிரிச்சாரு. கால்வா நாத்தம் தெரியாதது உனக்குக் குடுப்பினைன்னு தெருவே சொல்லிச்சி. காசிமேட்டுல ஏலத்துல கூடை எடுத்து மீன் விக்கறவளுக்கு மூக்கு இல்லன்னா பொழப்பு இன்னா ஆவும்னு ஒருத்தருக்கும் தோணல. மீனுன்னா செவுளப் பாக்கலாம், கண்ணப் பாக்கலாம், கூடைக்கு அடியில ஐஸ் போட்டு மறைச்சி வெச்ச பழைய எறாவ எத்த வெச்சிப் பாக்கறது. தண்டையார்பேட்டையில ஒரு வாடிக்கக்காரம்மா, உன் கல்யாணத்துக்கு வந்து மொய் வெச்ச அம்மா, வாங்கின எறாவ அப்டியே கொண்டாந்து என் முன்னால கொட்டிட்டுப் போச்சி. அன்னியோட கூடைய எறக்கி வெச்சிட்டேன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா காபித்தூள், கிராம்பு, கற்பூரம்னு ஒண்ணொண்ணா மூக்குகிட்ட காட்டினாங்க, நரம்பு அடி வாங்கிடுச்சி, சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வராதும்மா, தெனம் மோந்து பழகுங்கன்னாங்க. நானும் காத்தால எழுந்ததும் மோந்துகினு தான் கீறேன். காபித்தூளும் ஒண்ணுதான் மண்ணும் ஒண்ணுதான்.

போன மாசம் நடந்தத உங்க நைனா உனக்குச் சொல்லியிருக்காரு, ஆனா தப்பா சொல்லியிருக்காரு. அடுப்ப மூட மறந்துட்டா, வயசாச்சின்னு சொன்னாராமே. கேளு. பக்கத்து வூட்டு டோரதி வியாபாரத்துக்குப் போவசொல்ல அவ பேத்தி ஜெனிய என்கிட்ட வுட்டுட்டுப் போவா, நம்ம ஜோஷிகா வயசுதான். அன்னிக்கு மத்தியானம் சோறு ஊட்டி பக்கத்துல படுக்க வெச்சிகினு கீறேன், எதிர் வூட்லேர்ந்து ரமாபாய் கத்தறா, கேஸ் நாத்தம் வருது, கம்பெனிக்காரன் தொறந்து வுட்டுட்டான், கதவ சாத்துன்னு. நம்ம ஊரு பழக்கம் உனக்குத் தெரியும், சுத்தி கீற கம்பெனிங்கள்லேர்ந்து நாத்தம் வந்தா கதவு சன்னல் எல்லாம் சாத்தி ஈரத்துணிய சந்துல சொருவிகினு உள்ள கெடப்போம். நானும் ஓடிப் போய் சமையக்கட்டு சன்னல சாத்தினேன், வாசக்கதவ தாப்பா போட்டேன், துண்ட நனைச்சி அடியில சொருவினேன், காத்துப் போவ ஒரு சந்து வுடல. ஆனா கம்பெனியில ஒண்ணும் தொறக்கல. நம்ம வூட்டு சிலிண்டர் டியூப்ப எலி கடிச்சிருந்துச்சி. அடுப்புத் திருகு மூடித்தான் கெடந்துச்சி, வேணும்னா உங்க நைனாவ பெரியபாளையத்தம்மா மேல சத்தியம் பண்ணச் சொல்லு. நம்ம சன்னல் வழியா போன நாத்தத்தத்தான் ரமாபாய் கம்பெனி நாத்தம்னு நெனச்சிகினா. மூக்கு கீறவ எவளா இருந்தாலும் சமையக்கட்டுல கால் வெச்ச ஒடனே வெவரம் புரிஞ்சிருக்கும். நான் எல்லாத்தயும் உள்ள வெச்சிப் பூட்டிகினு புள்ளயோட படுத்துட்டேன்.

அந்தப் புள்ள சொல்லிச்சிடா. ஆயா நாறுது, ஆயா நாறுதுன்னு ரெண்டு மூணு வாட்டி சொல்லிச்சி. நான் இன்னா சொன்னேன் தெரியுமா, அது கம்பெனி நாத்தம் கண்ணு, இப்பப் போயிடும், நீ தூங்குன்னு முதுவத் தட்டிக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துச்சி, கையி காலு துவண்டு போச்சி, எனக்கும் தல சுத்திச்சி, வெயிலுக்குத்தான்னு நெனச்சேன். சுடுதண்ணி வெச்சிக் குடுக்கலாம்னு ஏந்து போய் லைட்டரக் கையில எடுத்தேன், அந்த நேரம் பாத்து உங்க நைனா கதவத் தட்டினாரு. லைட்டரோட போய்த் தொறந்தேன். மோப்பம் புடிச்ச ஒடனே அவரு என் கையத் தட்டி வுட்டுட்டு புள்ளயத் தூக்கினு தெருவுக்கு ஓடினாரு. அவரு ஒரு டீ குடிச்சிட்டு வந்திருந்தா நான் அத்த அமுக்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சாங்க, புள்ள பொழச்சிகிச்சி, இப்ப நல்லா ஓடியாடுது. டோரதி என்ன ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். பேத்திய மட்டும் நம்ம வாசப்படி மிதிக்க வுடறதில்ல. அது என்னப் பாத்தா ஆயான்னு கையாட்டுது, இவ கையப் புடிச்சி இழுத்துகினு போறா. அவ எடத்துல நான் இருந்தாலும் அப்டித்தான் பண்ணுவேன்.

கேஸ் அலாரம் வாங்கி அனுப்பறேன்ற, அனுப்பு. பாலு திரிஞ்சிடுச்சா, சோறு ஊசிப் போச்சா, செவுத்துல ஒயரு கருகுதா, அதுக்கெல்லாம் எந்த அலாரம் வாங்குவ. நைனா பாத்துப்பாருன்ற. என் மூக்குல ஒரு கொறையும் இல்லன்னு சொல்ற மனுசன் இன்னாத்தடா பாத்துப்பாரு. நீ கொரோனாவ சாதா ஜொரம்னே வெச்சிக்கோ, நான் சண்டைக்கு வரல. புள்ளய மட்டும் என்கிட்ட வுடாத.

இந்த எடத்த பவானிக்கு சத்தமா படிச்சிக் காட்டு. போன வாட்டி கைக்கொழந்தையா தூக்கினு வந்தீங்களே, ஏர்போர்ட்லயே எல்லாரும் ஆளுக்கொரு வாட்டி வாங்கி உச்சி மோந்தாங்க, நானும் மோந்தேன். நீ பொறந்தப்போ உன் தலையில வந்த பால் வாசன எனக்கு இன்னிக்கும் ஞாபகம் கீது. இவ தலையில ஒண்ணும் வரல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு, அப்பப்பா, இன்னா வாசனன்னு சொல்லி வெச்சேன். நீங்க கெளம்பற வரைக்கும் அவ தூங்கசொல்லல்லாம் போய்ப் போய் மோந்து பாத்தேன், ஒரு நாள் கூட வரல. என் பேத்தி வாசன இன்னான்னு எனக்குத் தெரியாதுடா. அவள கூடவே வெச்சிக்கணும்னு எனக்கு எவ்ளோ ஆச கீதுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. ஆனா என் ஆசைக்கு அவ உசுர வெச்சி வெளயாட மாட்டேன்.

அம்மன் புண்ணியத்துல மூணு பேரும் நோய் நொடி இல்லாம தீர்க்காயுசா இருங்க. வெறும் வவுத்தோட டியூட்டிக்கு ஓடாத, பவானிகிட்ட எரிஞ்சி வுழாத. லீவுக்குக் கண்டிப்பா வாங்க, இருக்கற நாளெல்லாம் அவ என் பக்கத்துல படுக்கட்டும், நீயோ பவானியோ அதே ரூம்புல இருங்க. டிக்கெட் எடுக்கறப்போ மறந்துடாத, திரும்பிப் போறதுக்கும் மூணு பேருக்கே போடு.

உங்க நெனப்பாவே கீற அம்மா
மங்கம்மா